தண்ணீர் கூடக் குடிக்காத உபவாசம்

எங்கள் சபையில் ஆராதனை முடிவதற்கு முன் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. அந்த வாரம் தேவன் தனக்கு என்ன செய்தார் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். காய்ச்சல் விட்டது, தொலைந்த செல்போன் கிடைத்தது, பையனுக்கு அரக்கோணத்தில் வேலை கிடைத்தது என்று சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் ‘ஸ்தோத்திரம்’ என்று குரல் கொடுப்பார்கள். என் அம்மா வருடத்துக்கு ஒரு முறை எழுந்தால் அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்தாள்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம்” என்று ஆரம்பித்தாள். “என் பொண்ணு பதினோரு நாளா உபவாசம் இருந்துகினு இருக்கறா. நாமெல்லாம் மத்தியானம் வரைக்கும் இருக்கறோம். அவ பொழுது சாயற வரைக்கும் இருக்கறா. ஒரு சொட்டு தண்ணி கூட இல்ல. நான் சொல்லல, பாஸ்டர் ஐயா சொல்லல, அவளாவே இருக்கறா. இப்டி ஒரு பொண்ண எனக்குக் குடுத்த தேவனுக்கு…” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“ஸ்தோத்திரம்” என்றது சபை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என் தோளைத் தட்டினாள். “தண்ணி கூட இல்லாமலா? அதான் மூஞ்சி இப்டி வதங்கிப் போயிருக்குதா? நான் கூட எவனையோ லவ் பண்ணிகினு இருக்கறியோன்னு நெனச்சேன்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேதம் வாசிக்க என்னிடம் கொடுத்திருந்த மைக்கில் என் மூச்சுகூடக் கேட்டுவிடக் கூடாதே என்று அதை அணைத்து மடியில் வைத்தேன்.

ஏனென்றால் நான் இருந்தது சபையின் நாற்பது நாள் உபவாசம் அல்ல. ரம்ஜான் நோன்பு.

அந்த வருடம் இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன. சபையில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களும், ஊர்ப் பள்ளிவாசலில் நோன்பு மாதமும் ஒரே வாரத்தில் தொடங்கின. அது எனக்கு வசதியாகப் பட்டது. வீட்டில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் எழுந்து பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு ‘அதிகாலை ஜெபம்’ என்று சொன்னால் போதும். நான் பொய்கூடச் சொல்லவில்லை, ஜெபம்தானே செய்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அம்மா அதை எண்ணிக்கொண்டிருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவை நைனா என்போம், அவர் அரக்கோணத்தில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மலைக்கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி நடக்கும் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். நான் லேப் டெக்னீஷியன். ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் கையெழுத்து இருந்தால்தான் ரிப்போர்ட் வெளியே போகும். அந்தக் கையெழுத்தைப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கர்வமாகத்தான் இருக்கும். அதை மறைப்பதில்லை.

ஒன்பது வயதிலிருந்து சபையில் வேதம் வாசிப்பவளும் நான்தான். ஐயா, அதாவது எங்கள் பாஸ்டர், அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்லி “வாசி பாப்பா” என்பார். நான் மைக்கில் வாசிப்பேன். அவர் நிறுத்தச் சொல்லி விளக்குவார், மறுபடி வாசிப்பேன். கிருத்திகை நாட்களில் தெருவில் காவடியும் பம்பையும் போகும்போது அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி வாசிக்கப் பழகினேன். வேதத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது எல்லாம் என் குரலில் கேட்டதுதான்.

வாசிக்கிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு. கேட்பவர்கள் அவர் விளக்கியதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். நான் அவர் விளக்காமல் தாண்டிய வரிகளையும் பார்த்தேன். பதினான்கு வயதில் ஐயாவிடம் கேட்டேன். இயேசுவே தேவன் என்றால், பிடிபடுவதற்கு முன்னால் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து யாரிடம் ஜெபம் செய்தார்? ஐயா கோபப்படவில்லை. என் தலையில் கை வைத்து, “படிக்கிற பிள்ளைக்கு சாத்தான் கேள்வி ரூபத்துல தான் வருவான், ஜாக்கிரதை” என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி எழுந்தாலே அதோடு ஒரு பயமும் எழுந்தது. இது நான் கேட்கிறேனா, அவன் கேட்கிறானா?

அதற்கும் முன்னால் நடந்த ஒன்று உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். அவர் நெற்றியில் கை வைத்தால் எல்லோரும் பின்னால் விழுந்தார்கள். என் முறை வந்தது. அவர் கை வைத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினார். எதிரே அம்மா கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். விழாமல் நின்றால் எனக்குள் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, நானே முழங்காலை மடக்கி விழுந்தேன். கண்ணை மூடிப் பாயில் கிடந்தபோது, என் பக்கத்தில் கிடப்பவர்களில் எத்தனை பேர் என்னைப் போல விழுந்தவர்கள் என்று யோசித்தேன்.

லேபில் என்னோடு வேலை செய்கிற முஸ்லிம் அக்கா ஒருத்தி மதிய நேரத்தில் ரத்தம் எடுக்கும் அறையின் ஓரத்தில் துணி விரித்துத் தொழுவாள். ஐந்து நிமிடம்தான். மைக் இல்லை, அழுகை இல்லை, யாரும் விழுந்தார்களா என்று பார்க்கிறவர் இல்லை. அவள் நெற்றியைத் தரையில் வைப்பதைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து பல மாதங்கள் பார்த்தேன். தோட்டத்தில் முகங்குப்புற விழுந்தவர் எனக்கு நினைவுக்கு வந்தார். பிறகு செல்போனில் குர்ஆனின் தமிழாக்கத்தை இறக்கி, ரகசிய எண் போட்டுப் பூட்டி, பேருந்தில் வாசிக்கத் தொடங்கினேன். அங்கேயும் அவர் இருந்தார். அவருடைய தாயும் இருந்தாள். அங்கே அவர் ஜெபிக்கிறவராக இருந்தார். நரகமும் இருந்தது, அங்கேயும். இங்கே இருந்தால் அந்தப் புத்தகத்தின் நெருப்பு, அங்கே போனால் இந்தப் புத்தகத்தின் நெருப்பு. கடைசி வரிசை இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிப்பேன்; பக்கத்தில் யாராவது வந்தால் செல்போனை அணைத்துவிடுவேன்.

அக்காவிடம் நானே போய்க் கேட்டேன், முஸ்லிமாக மாறுவதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று. அவள் முதலில் செய்தது கதவைச் சாத்தியதுதான்.

“பாப்பா, உன்ன யாராவது அனுப்பினாங்களா?”

“யாரும் அனுப்பலக்கா. நானா தான் கேக்கறேன்.”

“நானா தான் கேக்கறேன்னு நீ சொல்லுவ. ஊரு சொல்லாது. எங்க ஊட்டுக்காரருக்கு இருக்கறது ஒரு மெக்கானிக் கடை. ‘பொண்ண மயக்கி மதம் மாத்திட்டாங்க’ன்னு எவனாவது ஒரு வீடியோ போட்டா போதும், அந்த ஷட்டர் அப்புறம் தெறக்காது. நீ படிக்கிறியா, படி. ஓதணும்னு தோணுதா, அது உனக்கும் அல்லாவுக்கும். எங்கிட்ட வராத, உன் கைய புடிச்சி கேக்கறேன்.”

உண்மையில் கையைப் பிடித்துத்தான் கேட்டாள்.  அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. நோன்பு தொடங்கியபோது, சாயங்காலம் நான் கிளம்பும் நேரத்தில் என் பையில் இரண்டு பேரீச்சம்பழத்தை மட்டும் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

முஸ்லிமாவதற்குச் சொல்லும் உறுதிமொழியான கலிமாவை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மாதம் நோன்பிருந்து பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று நினைத்திருந்தேன். ஒரு பரிசோதனை போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

“அவ எழுதியிருக்கற கவர்மெண்ட் பரிட்சைக்காவ, நாளையிலருந்து நானும் அவள மாதிரியே இருக்கப் போறேன். தண்ணி இல்லாம. பண்டிகை வரைக்கும். சபையார் ஜெபம் பண்ணிக்குங்க.”

அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அவள் ரத்தத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறவள் நான்தான்.

ஐயாவே சொன்னார், உடம்பு முடியாதவர்கள் மத்தியானம் வரை இருந்தால் போதும் என்று. வீட்டுக்கு வந்து நானும் சொன்னேன். டாக்டர் திட்டுவார் என்றேன், நாள் முழுக்க அடுப்புப் பக்கம் நிற்கிறவள் தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பாய் என்றேன்.

“நீ இருக்கறியே?”

“எனக்கு இருபத்திநாலு வயசும்மா.”

“சபைக்கு முன்னாடி சொல்லிட்டேன். நாக்கு ஒண்ணு தான் இருக்குது எனக்கு.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னால் அம்மா என்னைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக, “மாத்திரையையாவது விடாம போட்டுடு” என்றேன். “அது மருந்து, சாப்பாட்டுல சேராது.”

சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடக் கூடாது; சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். லேபில் தினமும் பத்துப் பேரிடம் அதைச் சொல்கிறவள் நான். அன்று எனக்கிருந்த பயத்தில் நான் சொன்னது இதுதான். நான் சொன்னேன் என்பதற்காக அம்மா இரண்டு நாளும் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மலையில் கூட்டம். லேபிலும் கூட்டம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓட்டலில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணின் தோளில் சாய்ந்தபடி அம்மா உள்ளே வந்தாள். புடவை முழுக்க ஈரம். பாத்திரத் தண்ணீர் என்று நினைத்தேன். கிட்டப் போனதும் அது வியர்வை என்று தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. “ஒண்ணும் இல்லடி, தல தான் சுத்துது” என்றாள். சொற்கள் குழறின.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து விரலைக் குத்தினேன். கருவியில் ஐம்பதுக்கும் கீழே ஒரு எண் வந்தது. ஆயிரக்கணக்கான எண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை மட்டும் கருவியைத் திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தேன். அக்கா ஓடிப்போய் குளுக்கோஸ் கரைத்து எடுத்து வந்தாள்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“குடிம்மா.”

“பொழுது சாயட்டும்.”

“சாயறதுக்குள்ள நீ மயங்கிடுவ. குடி!”

“கத்தாத. ஊரு முன்னாடி சொன்னது.” கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். “நீ குடி. நீ குடிச்சா நான் குடிக்கறேன்.”

நான் குடிக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில் சொன்னாள். டம்ளரை வாங்கிப் பாதியை ஒரே மூச்சில் குடித்தேன். மீதியை அவள் வாயில் வைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தை மாதிரி குடித்தாள். அக்கா இன்னொரு டம்ளர் கரைத்தாள். அதையும் குடித்தாள். கால் மணி நேரத்தில் எண் ஏறியது; கூட வந்த பெண் ஓட்டலுக்குத் திரும்பினாள். 

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உதட்டில் நிறம் வந்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள்.

“உன் உபவாசத்த நான் கெடுத்துட்டேனே. பதிமூணு நாளா தண்ணி கூட இல்லாம இருந்த பொண்ண நான் குடிக்க வெச்சிட்டேனே.” நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “நாளையிலருந்து உன் நாளையும் சேத்து நானே இருந்து தீக்கறேன். தேவன் மன்னிக்கட்டும்.”

இனி மறைக்க முடியாது. மறைத்தால் அவள் செத்துவிடுவாள். படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“அம்மா, நான் இருந்தது சபை உபவாசம் இல்ல.”

“பின்ன?”

“நோன்பு. துலுக்கமாருங்க இருக்கற நோன்பு.” அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவள் சொல்லும் சொல்லையே சொன்னேன். அக்கா பக்கத்திலேயே நின்றது பிறகுதான் உறைத்தது.

முதலில் அம்மா நம்பவில்லை. “என்ன சாப்ட வெக்கறதுக்கு எதையாவது சொல்லாத” என்றாள். செல்போனைத் திறந்து காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. திரையில் இருந்த அட்டைப்படத்தையும் பச்சை நிறத்தையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு அக்காவின் முக்காட்டைப் பார்த்தாள்.

“நீ தானா?”

“சத்தியமா இல்லக்கா.” அக்கா கதவோடு ஒட்டி நின்றாள். “எம் புள்ளைங்க மேல ஆணையா, நான் ஒரு வார்த்த சொல்லல. வேணாம்னு தான் சொன்னேன்.”

“அவங்கள கேக்காத. அவங்க ஒண்ணும் பண்ணல” என்றேன்.

“அப்ப யார்றி அந்தப் பையன்?”

“பையன் எவனும் இல்ல.”

“பையன் இல்லாம எவளாவது இப்டிப் போவாளா?”

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை பயத்திலும் கோபம் வந்தது. “ஏன், நானா படிச்சி நானா யோசிக்க மாட்டேனா? இதுக்கும் ஒரு ஆம்பள வேணுமா?”

 அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்துபோனாள். சந்தனத் தலைப் பெரியவர் ஊசிக்காகக் கையை நீட்டியபடியே காத்திருந்தார். அவருக்கு நரம்பு கிடைக்க நான் மூன்று முறை குத்த வேண்டியிருந்தது.

அன்று மாலை அம்மா சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள். அது போதும் என்றிருந்தது எனக்கு. நைனா வருவதற்கு முன், அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: “சொல்லிட்டியா, அவங்க சொல்ற அந்த வார்த்தைய?”

“இல்ல.”

“சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“தெரியலம்மா.”

களைந்த தண்ணீரைக் கொட்டினாள். “எனக்கு ஒண்ணு தான். நான் சபையில எந்திரிச்சி சொன்னது பொய்யி. பொய்ச் சாட்சி சொன்னவளா நான் ஒரு வாரம் கூட இருக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம அத சரி பண்ணணும்.”

அந்த நான்கு நாட்களும் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. ஓட்டலில் ஒரு வடையைக்கூடச் சொல்லாமல் எடுக்காதவள் அவள். அந்த நேர்மையைப் பற்றி எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைக் கண்டுதான் நடுங்கினேன். அவள் எழுந்து உண்மையைச் சொன்னால் அன்று மாலைக்குள் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அடுத்த நாள் அக்காவின் கடை வாசலில் யார் நிற்பார்கள்? சபையார் என்னைச் சுற்றி நின்று, தலையில் கை வைத்து, விழும்வரை அழுத்துவார்கள். “ஐயாகிட்ட தனியா சொல்லும்மா” என்று கெஞ்சினேன். “எல்லாரு முன்னாடியும் சொன்னத தனியா போயி எப்டி திருப்பறது?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தாள். நான் தரைப் பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போன வாரம் நான் சொன்ன சாட்சியில தப்பு இருக்குது. தெரியாம சொல்லிட்டேன். அத நான் திரும்ப எடுத்துக்கறேன். சபையார் மன்னிக்கணும்.”

உட்கார்ந்துவிட்டாள். ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா ஒரு கணம் அவளையும் பிறகு என்னையும் பார்த்தார். “புதன்கெழம உங்க வீட்டுக்கு ஜெபத்துக்கு வரேம்மா” என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் அம்மா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் போய், “தேங்க்ஸ்மா” என்றேன்.

“உன் தேங்க்ஸ நீயே வெச்சிக்க. உனக்காவ நான் பொய் சொல்லல. பாதியோட நிறுத்திகினேன், அவ்ளோ தான்.” சென்னைக்குப் போகும் மின்சார ரயில் இரைந்துகொண்டு கடந்து முடிந்தது. “புதன்கெழம அவரு வந்து, ‘இன்னாம்மா தப்பு அதுல?’ன்னு கேட்டா நான் சொல்லிடுவேன். கேட்டதுக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வராது.”

“சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?”

“தெரியும். அதான் மூணு நாளா சோறு எறங்கல.”  

என்னைக் காட்டிக்கொடுக்கும் வேலையை அவள் வாயால் செய்ய வைக்கிறேன் என்பது அந்தக் கேட்டில் நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் என்ன ஆகப்போகிறேன் என்பது எனக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அவள் அல்ல.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஐயாவின் வீட்டுத் தெருவில் திரும்பினேன். அக்காவின் பெயரோ கடையோ என் வாயிலிருந்து வரக் கூடாது என்பதை மட்டும் முடிவு செய்திருந்தேன். மற்றதற்கு என்னிடம் வாக்கியமே இல்லை. பாஸ்டரம்மா வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, இந்நேரத்துல? மூஞ்செல்லாம் வேர்த்துகினு கீது. தண்ணி குடிக்கறியா?”

“வேணாம்மா. ஐயா இருக்காருங்களா?”

“ஆங், உள்ள தான் இருக்காரு. வா.”

வாயெல்லாம் வறண்டிருந்தது. பொழுது சாய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. செருப்பைக் கழற்றினேன்.